இதய மின்வரைவு அளவீடுகளும் இதயத் தமனி நோயின் கடுமையும்: பெரம்பூரை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நெஞ்சுவலியோடு வரும் ஒருவருக்கு முதலில் எடுக்கப்படும் சோதனை, பொதுவழக்கில் இசிஜி எனப்படும் இதய மின்வரைவு ஆகும். இதயத் தமனிகளில் உள்ள அடைப்பின் கடுமையை அதன் அளவீடுகள் எந்த அளவுக்கு உணர்த்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மின்வரைவு தமனியின் குறுக்கத்தை நேரடியாக அளப்பதில்லை. அக்குறுக்கத்தால் இதயத் தசையில் நிகழும் மின்மாற்றத்தையே அளக்கிறது. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு எஸ்டி பகுதி, டி அலை, க்யூஆர்எஸ் தொகுதி, க்யூடி இடைவெளி ஆகியவற்றின் அளவீடுகளும் உழைப்புச் சோதனையின் அளவீடுகளும் ஆராயப்படுகின்றன. சில மின்வரைவு மாற்றங்கள் நோயின் அவசரத்தை உறுதியாக உணர்த்துகின்றன. ஆயினும் இயல்பான மின்வரைவு நோயின்மைக்குச் சான்றாகாது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: இதய மின்வரைவு, இதயத் தமனி நோய், எஸ்டி பகுதி, உழைப்புச் சோதனை, ஆஞ்சியோகிராம், பெரம்பூர்.

1. முன்னுரை

1975ஆம் ஆண்டு சென்னை, பெரம்பூரில் உள்ள தென்னக ரயில்வே தலைமை மருத்துவமனையில் மருத்துவர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் இதயத் தமனி பைபாஸ் அறுவைச் சிகிச்சையைச் செய்தார். ரயில்வே பணிமனைகளையும் 1955இல் தொடங்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையையும் சார்ந்து வாழும் தொழிலாளர் பகுதியில் இந்திய இதய மருத்துவத்தின் இம்முதல் நிகழ்வு நடைபெற்றது.

இவ்வறுவைக்கு வழிவகுத்த அறிவியல் வளர்ச்சிகள் இரண்டு. முதலாவது, அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவ மையத்தில் 1958இல் மேசன் சோன்ஸ் தொடங்கிவைத்த இதயத் தமனி ஆஞ்சியோகிராம். இரண்டாவது, அதே மையத்தில் 1967இல் ரெனே ஃபவலோரோ கால் சிரையை எடுத்து மேற்கொண்ட மாற்றுவழி அறுவை. அடைப்பு எந்தத் தமனியில், எந்த இடத்தில், எவ்வளவு உள்ளது என்பதைக் கண்ட பின்னரே மாற்றுவழி அமைக்க இயலும். அக்காட்சியைத் தருவது ஆஞ்சியோகிராம்; மின்வரைவு அதனைத் தருவதில்லை.

ஆயினும் ஆஞ்சியோகிராம் அறைக்கு யாரை அனுப்புவது, எவ்வளவு விரைவாக அனுப்புவது என்னும் முடிவுகள் அதற்கு முன்பே எடுக்கப்படுகின்றன. நோயாளி கூறும் வலியின் தன்மையும் மின்வரைவுத் தாளும் அம்முடிவுகளுக்கு முதன்மையான அடிப்படைகள். எனவே மின்வரைவு எதைச் சொல்லவல்லது, எதைச் சொல்ல இயலாதது என்னும் தெளிவு ஒருவரின் உயிரோடு தொடர்புடையதாகிறது. அத்தெளிவை ஏற்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. அடைப்பும் மின்மாற்றமும்

இதயத் தசையின் ஒவ்வொரு துடிப்பும் ஒரு மின்னலையைத் தொடர்ந்து நிகழ்கிறது. இவ்வலையைத் துல்லியமாகப் பதிவுசெய்யும் கருவியை உருவாக்கியமைக்காக நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன் 1924இல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய 12 லீடு மின்வரைவு இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களிலிருந்து நோக்குகிறது. வழக்கமான பதிவில் தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. எனவே கிடைமட்டத்தில் 1 மில்லிமீட்டர் என்பது 0.04 நொடி, செங்குத்தில் 1 மில்லிமீட்டர் என்பது 0.1 மில்லிவோல்ட். மேலறைகள் தூண்டப்படுவதைப் பி அலையும், கீழறைகள் தூண்டப்படுவதைக் க்யூஆர்எஸ் தொகுதியும், கீழறைகள் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்புவதை எஸ்டி பகுதியும் டி அலையும் காட்டுகின்றன.

குருதியோட்டம் குறையும்போது தசையணுக்களின் ஆற்றல் உற்பத்தி தடைபடுகிறது. நலமான பகுதிக்கும் பாதிக்கப்பட்ட பகுதிக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு எழுகிறது. இதயச் சுவரின் உள்ளடுக்கு மட்டும் பாதிக்கப்பட்டால் எஸ்டி பகுதி பொதுவாகத் தாழ்கிறது. தமனி முழுவதும் அடைபட்டுச் சுவரின் முழுத் தடிமனும் பாதிக்கப்பட்டால் அப்பகுதியை நோக்கும் லீடுகளில் எஸ்டி பகுதி உயர்கிறது.

இங்கு ஓர் இடைவெளி உள்ளது. லான்ஸ் கோல்டும் அவருடைய குழுவினரும் 1974இல் வெளியிட்ட விலங்குச் சோதனை முடிவுகளின்படி, தமனியின் விட்டம் 85 விழுக்காட்டுக்கு மேல் குறுகும் வரை ஓய்வுநிலைக் குருதியோட்டம் குறையவில்லை. ஆனால் உச்சத் தேவையின்போது கிடைக்கும் ஓட்டம், 30 முதல் 45 விழுக்காடு குறுக்கத்திலேயே குறையத் தொடங்கியது. குறுக்கத்திற்கு அப்பாலுள்ள நுண்ணாளங்கள் விரிந்து இழப்பை ஈடுசெய்வதே இதற்குக் காரணம். ஆகவே கணிசமான அடைப்பு உள்ள ஒருவர் படுக்கையில் ஓய்வாகப் படுத்திருக்கையில் அவருடைய தசைக்குக் குறையேதும் இராது. குறை இல்லாதபோது மின்வரைவில் பதிவாவதற்கும் ஏதுமில்லை. நிலைத்த நெஞ்சுவலி நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஓய்வுநிலை மின்வரைவு இயல்பாகவே அமைவதை இதனால் விளங்கிக்கொள்ளலாம்.

3. ‘கடுமை’ என்னும் சொல்லின் பொருள்

நோயின் கடுமையை மின்வரைவோடு ஒப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் ஆஞ்சியோகிராமையே அளவுகோலாகக் கொள்கின்றன. ஜென்சினி 1983இல் விளக்கிய மதிப்பெண் முறையில் 25, 50, 75, 90, 99, 100 விழுக்காடு குறுக்கங்களுக்கு முறையே 1, 2, 4, 8, 16, 32 மதிப்பெண்கள் தரப்படுகின்றன. அடைப்பு அமைந்த இடத்தின் முதன்மைக்கேற்ப அவை பெருக்கப்படுகின்றன. இடப் பொதுத் தமனிக்குப் பெருக்கெண் 5. இட முன் இறங்கு தமனியின் தொடக்கப் பகுதிக்கு 2.5. பின்னர் வந்த சின்டாக்ஸ் மதிப்பெண் அடைப்பின் அமைப்புச் சிக்கலையும் கணக்கில் கொள்கிறது. அதில் 22 வரை குறைவு, 23 முதல் 32 வரை இடைநிலை, 33உம் அதற்கு மேலும் உயர்வு.

இவை இரண்டும் தமனியின் உடற்கூற்றை அளப்பவை. மின்வரைவோ தசையின் செயல்நிலையை அளக்கிறது. இரண்டு நோயாளிகளின் ஜென்சினி மதிப்பெண் ஒன்றாகவே இருக்கலாம். அவர்களுள் ஒருவருக்குப் பக்கவழி நாளங்கள் வளர்ந்து தசையைக் காத்திருக்கலாம். மற்றவருக்கு அவை வளராதிருக்கலாம். அவர்களின் மின்வரைவுகள் ஒன்றாக அமையா.

புள்ளியியல் நோக்கிலும் ஒரு குறிப்பு தேவை. ஒரு மின்வரைவு அளவீட்டுக்கும் ஜென்சினி மதிப்பெண்ணுக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு 0.4 எனக் கொள்வோம். மாதிரி பெரிதாயின் இது ஐயத்திற்கிடமின்றிப் ‘புள்ளியியல் முக்கியத்துவம்’ பெறும். ஆனால் அதன் இருபடி 0.16, அதாவது, மதிப்பெண்ணின் வேறுபாட்டில் 16 விழுக்காட்டோடு மட்டுமே அவ்வளவீடு தொடர்புறுகிறது. குழுவின் சராசரியில் காணப்படும் தொடர்பு, எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரின் தமனியைக் கணித்துச் சொல்லப் போதாது.

4. ஓய்வுநிலை மின்வரைவின் அளவீடுகள்

4.1 எஸ்டி பகுதி

கடுமையை உணர்த்துவதில் முதலிடம் பெறுவது எஸ்டி பகுதி. அது எவ்வளவு விலகியுள்ளது என்பதோடு, எத்தனை லீடுகளில் விலகியுள்ளது என்பதும் பொருளுடையது. வலியின்போது ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட லீடுகளில் 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ எஸ்டி தாழ்வும், ஏவிஆர் அல்லது வி1 லீடில் எஸ்டி உயர்வும் ஒருங்கே காணப்பட்டால், இடப் பொதுத் தமனி அடைப்பையோ பல தமனிகளின் அடைப்பையோ ஐயுற வேண்டும். இதயத்தின் உள்ளடுக்கு முழுவதும் ஒரே வேளையில் குருதிக்கு ஏங்குவதை இவ்வமைப்பு காட்டுகிறது. கடுமையான குருதிச்சோகை, பெருங்குருதியிழப்பு, உயிர்வளிக் குறைவு ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். எனவே நோயாளியின் முழுநிலையோடு சேர்த்தே இதனைப் படிக்க வேண்டும்.

உயர் குருதியழுத்தத்தால் தடித்த இடக் கீழறை, இடக் கிளைக்கற்றை அடைப்பு, டிஜாக்சின் மருந்து ஆகியவற்றாலும் எஸ்டி பகுதி மாறும். இவற்றுள் ஒன்று உள்ளவரிடம் எஸ்டி தாழ்வின் ஆழத்தை மட்டும் கொண்டு தமனி நோயின் கடுமையை அளவிட முயல்வது பிழையாகும்.

4.2 டி அலை

1982இல் வெல்லென்சும் அவருடைய குழுவினரும் நிலையற்ற நெஞ்சுவலியோடு சேர்க்கப்பட்ட 145 நோயாளிகளை ஆராய்ந்தனர். அவர்களுள் 26 பேரிடம் வி2, வி3 லீடுகளை ஒட்டி டி அலையின் தனித்த தலைகீழ் மாற்றம் காணப்பட்டது. இக்குழுவில் அறுவை செய்யப்படாத 16 பேருள் 12 பேருக்குச் சில வாரங்களுக்குள் இதயத்தின் முன்சுவரில் மாரடைப்பு நேர்ந்தது. இம்மாற்றம் இட முன் இறங்கு தமனியின் தொடக்கப் பகுதியில் உள்ள கடும் குறுக்கத்தைச் சுட்டுகிறது. வலி நீங்கிய நிலையிலேயே இது பெரும்பாலும் தென்படுகிறது என்பது நினைவில் நிறுத்தத்தக்கது. வலி நின்றுவிட்டது என்று நோயாளி எழுந்து புறப்படும் வேளையில்தான் தாளில் எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கிறது. இத்தகையவரை உழைப்புச் சோதனைக்கு உட்படுத்துவது ஆபத்தானது.

டி வின்டரும் அவருடைய குழுவினரும் 2008இல் விவரித்த அமைப்பும் இங்குக் குறிப்பிடத்தக்கது. முன்மார்பு லீடுகளில் எஸ்டி பகுதி தாழ்ந்து மேல்நோக்கிச் சரிந்து, உயர்ந்த சமச்சீரான டி அலையோடு இணைகிறது. எஸ்டி உயர்வு இல்லாமலேயே இட முன் இறங்கு தமனியின் அடைப்பை இது உணர்த்துகிறது. எஸ்டி உயர்வை மட்டுமே தேடும் கண்ணுக்கு இது தப்பிவிடும்.

4.3 க்யூஆர்எஸ் தொகுதி

எஸ்டி பகுதியும் டி அலையும் பெரும்பாலும் நிகழ்காலச் செய்தியைத் தருகின்றன. க்யூஆர்எஸ் தொகுதி பெரும்பாலும் கடந்தகாலத்தைக் கூறுகிறது. நோய்த்தன்மையுள்ள க்யூ அலை, தசையின் ஒரு பகுதி இறந்து வடுவானதன் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. செல்வெஸ்டர் மதிப்பெண் முறையில் க்யூஆர்எஸ் தொகுதியின் கால அளவுகளும் உயர விகிதங்களும் மதிப்பிடப்படுகின்றன. ஒவ்வொரு மதிப்பெண்ணும் இடக் கீழறையின் ஏறத்தாழ 3 விழுக்காடு வடுவுக்கு ஈடாகக் கருதப்படுகிறது. க்யூஆர்எஸ் தொகுதி துண்டுபட்டுக் காணப்படுவதும் பழைய வடுவைச் சுட்டலாம் என்று தாஸ் குழுவினர் 2006இல் எடுத்துரைத்தனர். இவை தசை அடைந்த இழப்பின் அளவைக் கூறுகின்றன. எஞ்சிய தமனிகளில் இன்று உள்ள அடைப்பின் அளவை நேரடியாகக் கூறுவதில்லை.

4.4 க்யூடி இடைவெளி

க்யூடி இடைவெளி இதயத் துடிப்பின் வேகத்திற்கேற்ப மாறுவதால், 1920இல் பாசெட் தந்த வாய்பாட்டின்படி அதனை ஆர்ஆர் இடைவெளியின் வர்க்கமூலத்தால் வகுத்துத் திருத்துகின்றனர். பன்னிரண்டு லீடுகளில் கிடைக்கும் மிகப்பெரிய க்யூடிக்கும் மிகச்சிறிய க்யூடிக்கும் உள்ள வேறுபாடு க்யூடி சிதறல் எனப்படுகிறது. 1990இல் டே குழுவினர் முன்வைத்த இவ்வளவீடு, தமனி நோயின் கடுமையோடும் பின்னர்ப் பல ஆய்வுகளில் ஒப்பிடப்பட்டது.

இதில் எச்சரிக்கை தேவை. டி அலை முடியும் புள்ளியைக் குறிப்பதில் அளப்பவருக்கு அளப்பவர் வேறுபாடு மிகுதி. நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் எடுத்த தாளில் ஒரு சிறுகட்டம் பிசகினாலே 40 மில்லிநொடி மாறிவிடும். தேடப்படும் வேறுபாடும் பலவேளைகளில் அந்த அளவினதே. மேலும், சிதறலின் பெரும்பகுதி ஒரே மின்திசையன் வெவ்வேறு லீடுகளில் வெவ்வேறாகப் படிவதன் விளைவு என்பதும் பின்னர் எடுத்துக்காட்டப்பட்டது. ஆகவே க்யூடி சிதறலை ஆய்வுப் பொருளாகக் கொள்ளலாம். ஒரு நோயாளியின் சிகிச்சையை அதனைக் கொண்டு தீர்மானிப்பது பொருந்தாது.

5. உழைப்புச் சோதனையின் அளவீடுகள்

ஓய்வில் மறைந்திருக்கும் குறையை உழைப்பு வெளிக்கொணர்கிறது. டிரெட்மில் சோதனையில் வேகமும் சாய்வும் மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை உயர்த்தப்படும் புரூஸ் முறை பரவலாகப் பின்பற்றப்படுகிறது. இச்சோதனையிலிருந்து பெறப்படும் டியூக் மதிப்பெண், மின்வரைவு அளவீட்டை மற்ற இரு செய்திகளோடு இணைக்கிறது. உழைத்த நிமிடங்களிலிருந்து, எஸ்டி விலகலின் மில்லிமீட்டர் அளவை ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். பின்னர் வலிக் குறியீட்டை நான்கால் பெருக்கிக் கழிக்க வேண்டும். வலி இல்லையெனில் குறியீடு 0; வலி வந்தும் தொடர முடிந்தால் 1; வலியால் நிறுத்த நேர்ந்தால் 2.

எடுத்துக்காட்டாக, 10 நிமிடம் நடந்து, வலியும் எஸ்டி விலகலும் இல்லாதவரின் மதிப்பெண் +10. 7 நிமிடம் நடந்து, 2 மில்லிமீட்டர் விலகலும் தாங்கக்கூடிய வலியும் கண்டவருக்கு −7. 4 நிமிடத்தில் அதே 2 மில்லிமீட்டர் விலகலோடு வலியால் நிறுத்தியவருக்கு −14. +5உம் அதற்கு மேலும் குறைந்த இடர். −10 முதல் +4 வரை இடைநிலை. −11உம் அதற்குக் கீழும் மிகு இடர். பின்னிருவருக்கும் எஸ்டி விலகல் ஒன்றே, இடரோ வேறு. 1991இல் மார்க் குழுவினர் வெளியிட்ட புறநோயாளர் ஆய்வில், குறைந்த இடர்ப் பிரிவினருள் 99 விழுக்காட்டினரும் மிகு இடர்ப் பிரிவினருள் 79 விழுக்காட்டினரும் நான்கு ஆண்டுகளின் இறுதியில் உயிரோடிருந்தனர். எந்த அளவு உழைப்பில் மாற்றம் தோன்றியது என்பதைச் சேர்க்கும்போதே மின்வரைவு அளவீடு கடுமையின் அளவுகோலாக வலிமை பெறுகிறது.

தொழிலாளரிடம் கேட்டறியும் நோய் வரலாறும் இத்தன்மையதே. முன்பு எளிதாகத் தூக்கிய சுமையை இன்று தூக்குகையில் நெஞ்சு இறுகுகிறதா, மேம்பாலப் படியில் எத்தனையாவது படியில் நிற்க நேர்கிறது என்னும் வினாக்கள் அன்றாட வாழ்வையே ஓர் உழைப்புச் சோதனையாக்குகின்றன.

6. இயல்பான முடிவின் பொருள்

ஜியான்ரோசி குழுவினர் 1989இல் 147 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, உழைப்பு மின்வரைவின் கண்டறியும் திறன் சராசரியாக 68 விழுக்காடு எனவும், நோயற்றவரை நோயற்றவர் எனக் காட்டும் திறன் 77 விழுக்காடு எனவும் அமைந்தன. இவ்வெண்களின் நடைமுறைப் பொருளைப் பின்வரும் கணக்கு தெளிவாக்கும்.

நோய்க்கான வாய்ப்பு 10 விழுக்காடு உள்ள 1000 பேரை எடுத்துக்கொள்வோம். நோயுள்ள 100 பேருள் 68 பேருக்குச் சோதனை நேர்மறையாகும். நோயற்ற 900 பேருள் 207 பேருக்கும் அது நேர்மறையாகும். நேர்மறை முடிவு பெற்ற 275 பேருள் உண்மையில் நோயுள்ளவர் நான்கில் ஒருவரே. அடுத்து, வயது, நீரிழிவு, புகைபிடித்தல், உழைப்பில் தோன்றி ஓய்வில் தணியும் வலி ஆகியவற்றால் நோய்க்கான வாய்ப்பு 60 விழுக்காடாக உள்ள 1000 பேரை எடுத்துக்கொள்வோம். நோயுள்ள 600 பேருள் 192 பேருக்குச் சோதனை எதிர்மறையாகும். நோயற்ற 400 பேருள் 308 பேருக்கு அவ்வாறாகும். எதிர்மறை முடிவு பெற்ற 500 பேருள் 192 பேர், அதாவது 38 விழுக்காட்டினர், நோயுடையவர்களே.

சோதனை ஒன்றே, திறனும் ஒன்றே. சோதிக்கப்படுபவர் யார் என்பதே முடிவின் பொருளை மாற்றுகிறது. ‘இசிஜி நார்மல்’ என்னும் இரு சொற்கள், இடர்க்காரணிகள் மிகுந்த ஒருவருக்கு விடுதலைச் சீட்டாகா.

7. அவசரநிலையும் வடசென்னைச் சூழலும்

ராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் நெஞ்சின் இறுக்கத்தை ‘வாயுப் பிடிப்பு’ என்று கருதிப் பணிநேரம் முடியும்வரை பொறுத்திருப்பவர் உண்டு. அவ்வாறு பொறுத்திருப்பதால் நேரும் இழப்பை இந்திய அளவிலான ஆய்வு காட்டுகிறது. 2008இல் லான்செட் இதழில் வெளியான ‘கிரியேட்’ பதிவேட்டின்படி, தீவிர இதயத் தமனி நோயோடு வந்தவர்களுள் 60.6 விழுக்காட்டினருக்கு எஸ்டி உயர்வு மாரடைப்பு இருந்தது. ஏழைகளுள் 30 நாளில் இறந்தோர் 8.2 விழுக்காடு, செல்வருள் 5.5 விழுக்காடு. பெற்ற சிகிச்சையின் வேறுபாட்டைக் கணக்கில் கொண்டபோது இந்த ஏற்றத்தாழ்வு மறைந்தது. இடைவெளியின் வேர் நோயில் அன்று, சிகிச்சையில் உள்ளது என்பதையே இது உணர்த்துகிறது.

இச்சூழலில்தான் மின்வரைவின் மற்றொரு வலிமை விளங்குகிறது. எஸ்டி உயர்வு மாரடைப்பை அறிய ஆஞ்சியோகிராமுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் மருத்துவத் தொடர்பு நேர்ந்த 10 நிமிடத்திற்குள் மின்வரைவு எடுக்கப்பட வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. சிறு மருத்துவமனைகளை ஆஞ்சியோகிராம் வசதியுள்ள மைய மருத்துவமனைகளோடு இணைத்து, மின்வரைவை அனுப்பி முடிவெடுக்கும் முறை தமிழ்நாட்டில் ‘ஸ்டெமி’ திட்டத்தின்வழி 2012 முதல் 2014 வரை ஆராயப்பட்டது. 2017இல் ஜாமா கார்டியாலஜி இதழில் வெளியான அதன் முடிவுகளின்படி, 2420 நோயாளிகளிடையே ஓராண்டு இறப்பு வீதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது.

அவசரநிலையிலும் ஒரே ஒரு மின்வரைவை இறுதிச் சொல்லாகக் கொள்ளலாகாது. சுற்றுத் தமனியின் அடைப்பு வழக்கமான பன்னிரண்டு லீடுகளில் புலப்படாமல் போகலாம். முதுகுப்புறம் வைக்கப்படும் வி7 முதல் வி9 வரையிலான லீடுகள் அதனைக் காட்டக்கூடும். வலி தொடருமாயின் மின்வரைவை மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டும். குருதியில் ட்ரோபோனின் அளவைக் காண வேண்டும். பழைய மின்வரைவு கையில் இருந்தால் மாற்றம் புதிதா, முன்பே உள்ளதா என்பது உடனே தெரியும். ஆகவே நோயாளி தம் பழைய தாளைப் பாதுகாப்பது சிறந்த வழக்கம்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பெறப்படும் முடிபுகள் பின்வருமாறு:

• மின்வரைவு குருதியோட்டக் குறையின் விளைவை அளக்கிறது. தமனிக் குறுக்கத்தின் விழுக்காட்டை அளப்பதில்லை.

• பல லீடுகளில் பரவிய எஸ்டி தாழ்வு, வெல்லென்ஸ் அமைப்பு, டி வின்டர் அமைப்பு ஆகியவை கடுமையையும் அவசரத்தையும் ஒருங்கே உணர்த்துவன. க்யூஆர்எஸ் அளவீடுகள் கடந்த இழப்பைக் கூறுவன. க்யூடி சிதறல் தனி நோயாளி அளவில் நம்பத்தக்கதன்று.

• எஸ்டி அளவீடு, அது தோன்றிய உழைப்பின் அளவோடும் வலியோடும் சேரும்போதே இடரை மதிப்பிட உதவும்.

• நோய்க்கான வாய்ப்பு மிகுந்தவரிடம் இயல்பான மின்வரைவு நோயை விலக்குவதில்லை.

பெரம்பூரில் 1975இல் செய்யப்பட்ட அறுவை, அடைப்பைக் கடந்து குருதியைக் கொண்டுசெல்லும் வழி இந்நாட்டிலும் இயலும் என்று காட்டியது. அவ்வழி ஒருவருக்குப் பயன்பட வேண்டுமாயின், அவர் உரிய நேரத்தில் அங்கு அனுப்பப்பட வேண்டும். மாறிய மின்வரைவைக் கண்டவுடன் விரைவதும், மாறாத மின்வரைவைக் கண்ட பின்னரும் நோயாளி கூறும் வலியைத் தொடர்ந்து வினவுவதும் அதற்குத் தேவையான இரு கடமைகள்.